தண்ணீரிலேயே கிடக்கட்டும்

இரண்டு வருஷமாக நடந்த சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு என் கூட்டாளி தனபாலன் கடைக்குப் போனில் கோல் எடுத்து, "நானா, நம்ம போட்டுக்கு அடியில இந்த முறை பெயிண்ட் அடிச்சிருவோம்," என்றார். அவ்வளவுதான். சுகம் விசாரிக்கவில்லை, கிண்டல் பண்ணவில்லை. போனை வைத்தும்விட்டார்.

ஜெயித்தவனுக்குச் சந்தோஷம் வரவேண்டுமா இல்லையா? எனக்கு வரவில்லை. கதிரையில் உட்கார்ந்தேன், எழும்பினேன், கடை வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சீலிங்குக்கு வெள்ளை கேட்டு வந்த மனுஷனுக்கு இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு எனாமலைக் கட்டிக் கொடுத்தேன். அவர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து என்னை ஏசினார். கண்டி டவுனில் முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவனுக்கு இது தேவையா?

போட் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். பதினாலு அடி நீளம், ஃபைபர் உடம்பு, ஒரு பாய்மரம், இரண்டு பாய். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்க வேண்டிவரும். திகனைப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய ஒரு வெள்ளைக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். கதிரை, அலுமாரிகளோடு அந்தப் பழைய போட்டையும் விற்பனைக்குப் போட்டிருந்தார். நான் போனது ஒரு அலுமாரி பார்க்க. கூட வந்த தனபாலன் போட்டைப் பார்த்துவிட்டார். பாதிப் பாதி போட்டு வாங்கினோம். இதை றம்லத்திடம் யார் சொல்வது என்று வழி நெடுகச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தோம். றம்லத் என் பெண்சாதி.

தனபாலன் அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருக்கிறார். மாநகர சபையில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மனைவி இறந்து ஐந்து வருஷமாகிறது. ஒரே மகள் அனுஷியா மெல்போனில் நர்ஸ். தனபாலன் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்பார். ஆனால் மூத்த சகோதரனுக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசிகூட எனக்கு அவரிடம் கிடைத்ததில்லை.

என் மச்சானின் காணி ஒன்று விக்டோரியா நீர்த்தேக்கக் கரையோடு முடிகிறது. போட் அங்கேதான். நீர்த்தேக்கத்தில் ஓட அனுமதி எடுத்ததும் தனபாலன்தான். எந்த ஒபிஸில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அவருக்கு மனப்பாடம்.

சண்டை இதுதான். போட்டைத் தண்ணீரிலேயே கட்டி வைத்தால் அடியில் பாசி பிடிக்கும். பாசி பிடித்த போட் நகராது. ஆகவே பாசி ஒட்டாத பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்படியில்லாமல் ஒவ்வொரு ஞாயிறும் ஓடி முடித்துக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்தால் பெயிண்டே தேவையில்லை. நான் முதல் கட்சி, அவர் இரண்டாம் கட்சி. "இழுக்கத்தான் ரெண்டு பேர் இருக்கோமே நானா, அப்புறம் என்னாத்துக்குப் பெயிண்டு?" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருந்தது.

அந்தக் கரையில் இழுப்பது லேசான வேலை அல்ல. தண்ணீர் குறைந்த மாதங்களில் ஐம்பது அடிக்குச் சேறும் கல்லுமாகச் சரிவு ஏறும். அடியில் பைப் துண்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு கயிறாக இழுப்போம். நான் 'பிஸ்மில்லாஹ்' என்பேன், அவர் 'முருகா' என்பார், போட் இரண்டடி ஏறும். பிறகு தொடங்கும். "ஒங்கட பக்கம் கோணுது ஓய்!" என்று நான் கத்துவேன். "ஒங்க பக்கம்தான் நிக்கிது!" என்று அவர் கத்துவார். அக்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

உள்ளதைச் சொன்னால், என் பெயிண்ட் கட்சி எடுபடாமல் போனதற்கு நானேதான் காரணம். முதல் வருஷம் எங்கள் பள்ளிவாசல் ஹவுழைத் திருத்தினார்கள். ஹவுழ் என்றால் தொழப் போகுமுன் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டி. பெயிண்ட் என் கடையிலிருந்துதான் போனது. நல்ல வான நீலம். ஒரு டின் மிஞ்சியது. தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்கிற பெயிண்ட், தண்ணீரை வெளியே வைத்துக்கொள்ளாதா? என் மூளை அப்படிப் போனது. சீமெந்துக்குச் செய்ததை ஃபைபருக்கு, அதுவும் தேய்க்காமல் கொள்ளாமல், இரண்டு கோட் அடித்தேன். மூன்றாம் ஞாயிறு அது தோல் உரிகிற மாதிரிப் பட்டை பட்டையாகக் கழன்று நீர்த்தேக்கமெல்லாம் மிதந்தது. தனபாலன் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஏறும்போதெல்லாம், "நானா, ஒளு செஞ்சிட்டு ஏறட்டுமா, சும்மாவே ஏறட்டுமா?" என்று கேட்பார். பெயிண்ட் கடைக்காரனுக்கு இதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும்?

அப்படிப்பட்டவர் இப்போது தானாகவே அடிப்போம் என்கிறார். புதன்கிழமை நான் கோல் எடுத்தேன். "என்னயன் திடீரெண்டு?" என்று கேட்டேன். "நல்லதுதானே நானா," என்றார். "என்ன நல்லது?" என்றேன். "பஸ் வருது, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டார். பஸ் சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. வியாழன் மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் எடுக்கவில்லை. கடையில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தூரிகைகளை அளவுவாரியாக அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து விலைவாரியாக அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது றம்லத் என் சோற்றுப் பீங்கானைப் பார்த்தாள்.

"என்ன, சோத்தப் பெசஞ்சிட்டே ஈக்கிறீங்க? நெஞ்சு நோவுதா?"

இரண்டு வருஷத்துக்கு முன் இதய அடைப்புக்கு எனக்கு நெஞ்சில் கம்பி வைத்தார்கள். அதிலிருந்து நான் தும்மினாலும் அவளுக்கு அதே கேள்விதான்.

"நெஞ்சுக்கு ஒண்டுமில்ல. தனபாலன் போட்டுக்குப் பெயிண்ட் அடிப்போம் எண்டு செல்றார்."

"நீங்க கேட்டதுதானே அது?"

"ஓம், நான் கேட்டதுதான்."

"அப்ப நல்லமே. இனி அந்தச் சேத்துல இழுபடத் தேவல்ல. ஆரும் இழுக்காட்டியும் அது பாட்டுக்குத் தண்ணியில கெடக்கும்."

அவள் மீன் துண்டை என் பீங்கானில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.  ஆரும் இழுக்காட்டியும். இழுக்க இரண்டு பேர் இருக்கிறோமே என்று இரண்டு வருஷம் சொன்ன வாய், இப்போது பெயிண்ட் என்கிறது. அப்படியென்றால் இழுக்க இரண்டு பேர் இல்லை. ஒருவன்தான். அந்த ஒருவன் நான். யா அல்லாஹ், இது என் மண்டைக்கு எட்ட நாலு நாள் எடுத்திருக்கிறது.

மீனை நான் தொடவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போனால், எனக்கு முதலே தனபாலன் வந்து, கவிழ்ந்து கிடந்த போட்டின் பாதி அடியைத் தேய்த்து முடித்திருந்தார். பக்கத்தில் இரண்டு டின். நான் என் கடையிலிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று பேசாமல் வந்திருந்தேன்.

"இது எங்கயால?"

"நீர்கொழும்பு போய் வாங்கிட்டு வந்தேன். போட்டுக்குன்னே செஞ்சது. செம்பு கலக்காதது வேணும்னு கேட்டு வாங்கினேன், ஊரே குடிக்கிற தண்ணி இல்லியா."

"பெயிண்ட் கடக்காரன் ஒருத்தன் உசிரோட ஈக்கிறான், நீங்க நீர்கொழும்பு போய் வாங்கிறீங்க!"

"ஒங்க கடையில வாங்கின கத தெரியும்தானே," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சரியாக வரவில்லை.

நானும் ஒரு அரத்தாளை எடுத்துத் தேய்த்தேன். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். கேட்கப் போவேன், வாய் வராது. அதற்குப் பதிலாக எதெதற்கோ குறை பிடித்தேன். அரத்தாள் சொரசொரப்புப் போதாது என்றேன். வெயில் பிழையான பக்கம் அடிக்கிறது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரி நானா" என்றார். மனுஷன் ஒரு தடவையாவது திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் அரத்தாளை எறிந்தேன்.

"தனபாலன், நான் ஒண்டு கேக்கிறேன். இனி இந்தப் போட்ட ஆரு மேல இழுக்கிற?"

"இழுக்க வேணாம். தண்ணியிலயே கெடக்கட்டும்."

"ஏன் இழுக்க வேணாம்?"

"வயசாவுதில்ல."

"சும்மா கத உட வேணாம் ஓய். முகத்தப் பாத்துச் செல்லுங்க."

அவர் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"விசா வந்திருச்சி நானா."

"எப்ப?"

"மூணு வாரமாச்சி."

"டிக்கட்?"

"பதினெட்டாந் தேதி."

மூன்று வாரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஒரே போட்டில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, றம்லத் கட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டு, காற்று வடக்கா மேற்கா என்று என்னோடு தர்க்கம் பண்ணியிருக்கிறார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா ஈந்திச்சி?" என்று கத்தினேன். "றோட்டுல போறவனுக்குச் செல்லி ஈப்பீங்க, ஒபிஸ் ஒபிஸா ஏறி எறங்கி ஈப்பீங்க, எனக்குச் செல்ல மட்டும் நாக்கு ஏலாமப் போச்சா?"

"சொன்னா இப்பிடிக் கத்துவீங்கன்னுதான்."

"கத்தாமக் கொஞ்சுறதா?"

"அனுஷியாவுக்கு ரெட்டப் புள்ளைங்க. தெரியும்தானே. அவ நைட் டியூட்டி போறா, மாப்பிள்ளைக்கும் வேல. போன கெழம கோல்ல அழுதா. அவங்கம்மா இருந்திருந்தா அவ போயிருப்பா. இப்ப நான்தானே போகணும்."

"எத்தின மாசத்துக்கு?"

"மாசக் கணக்கு இல்ல நானா. வீட்டையும் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"போங்க. நல்லாப் போங்க. நான் கூலிக்கு ஆள் புடிச்சி இழுப்பேன். பெயிண்டும் வேணாம், ஒங்கட உதவியும் வேணாம்."

"புடிப்பீங்க. ஆனா அவன் இழுக்கிறப்ப நீங்க சும்மா நிக்க மாட்டீங்க. நீங்களும் கயித்தப் புடிப்பீங்க."

"புடிச்சா என்ன? இம்புட்டு நாளும் புடிக்கல்லயா?"

தனபாலன் என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"ஒங்க நெஞ்சுல கம்பி வச்ச நாள்லேருந்து ஒங்க கயிறு தொய்ஞ்சுதான் கெடக்கு நானா. ரெண்டு வருசமா நான்தான் இழுக்கிறேன். நீங்க கத்துறீங்க. நீங்க பலமா இழுத்துடக் கூடாதேன்னு நான் முந்திக்கிட்டு இழுப்பேன், அதுலதான் போட்டு கோணும். கூலிக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? அவன் சரி பாதி இழுப்பான். மிச்சப் பாதி ஒங்க நெஞ்சுலதானே விழும்?"

 இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சரிவு முழுக்க நான் இழுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் றம்லத்திடம், நெஞ்சுக்கு ஒன்றுமில்லை பார், மலை மாதிரிப் போட்டை இழுத்துவிட்டு வருகிறேன் என்று வீம்பு பேசினேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அதற்கெல்லாம் மேலாக, இந்த மனுஷன் இல்லாமல் நான் என்ன செய்யப் போகிறேன் என்ற பயம் வந்தது.

பயம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். பெயிண்ட் இல்லாவிட்டால் போட்டைத் தண்ணீரில் விட முடியாது, விட முடியாவிட்டால் இவர் போக முடியாது. அந்த நேரத்தில் அது எனக்குச் சரியான கணக்காகவே பட்டது.

"நானா! என்னா பண்றீங்க? ஊரே குடிக்கிற தண்ணி!"

நின்றேன். கிளார்க் கிளார்க்தான். அந்த நேரத்திலும் அவருக்கு ஊரின் குடிதண்ணீர் ஞாபகம். சிரிப்பு வரப் பார்த்து அழுகை வந்தது. டின்னை வைத்துக்கொண்டு சேற்றில் நின்று, அறுபது வயது மனுஷன், அழுதேன். அவர் பக்கத்தில் வந்து டின்னை வாங்கிக் கீழே வைத்தார்.

"போகாதீங்க தனபாலன்," என்றேன்.

"போகணும் நானா," என்றார். 

 பிறகு நான்தான் டின்னைத் திறந்தேன். குச்சியைப் போட்டுக் கிளறினேன். கறுப்பும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அடியைப் பார்க்கப் போவது மீன்தானே என்றார். ரோலரை அவரிடம் கொடுத்தேன், ஓரங்களுக்குத் தூரிகையை நான் எடுத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள் இரண்டு கோட்டும் முடிந்தது. நல்ல பெயிண்ட். விற்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க நான் வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். மழை வந்தால் பெயிண்ட் கெட்டுவிடும் என்று பயந்தேன். மழை வந்து கெட்டுவிட்டால் இன்னொரு ஞாயிறு கிடைக்குமே என்றும் நினைத்தேன். மழை வரவில்லை.

அடுத்த ஞாயிறு போட்டைத் தண்ணீரில் இறக்கினோம். இறக்குவது லேசு, சரிவு தானாகவே கொண்டுபோய்விடும். தனபாலன் ஒரு பெரிய சீமெந்துக் கட்டியை வார்த்துக் கொண்டுவந்திருந்தார். அதைத் தண்ணீருக்குள் போட்டு, மேலே வெள்ளைக் கேன் ஒன்றை மிதக்க விட்டார். கேனில் கப்பி ஒன்றும் பூட்டியிருந்தார். கரையில் நின்று கயிற்றை இழுத்தால் போட் பக்கத்தில் வரும், மற்றக் கயிற்றை இழுத்தால் திரும்பிப் போகும்.

"ஒத்தக் கையால இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். வந்தது.

"தனியாப் போறப்போ சின்னப் பாய் மட்டும் ஏத்துங்க. காத்துக் கூடினா எறங்கவே எறங்காதீங்க. மாத்திரையச் சட்டப் பையில வச்சிக்கங்க. மதினியையும் கூட்டிட்டு வாங்க."

"றம்லத் ஏறினா போட் பயந்து சாகும்."

சிரித்தோம். பிறகு ஏறி ஒரு மணித்தியாலம் ஓடினோம். சுத்தமான அடி, போட் நன்றாகத்தான் ஓடியது. ஒருவரும் காற்றைப் பற்றித் தர்க்கம் பண்ணவில்லை. திரும்பி வந்து பாயைச் சுருட்டி, போட்டைக் கப்பிக் கயிற்றில் கட்டி, இழுத்துக் கேன் பக்கம் அனுப்பினோம். அது அங்கே போய் நின்றது.

எங்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை. சரிவில் ஏறத் தொடங்கினோம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் வெறுங்கையோடு அந்தச் சரிவில் ஏறினோம். கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கத்துவதற்கும் ஒன்றுமில்லை. பாரம் இல்லாததால் தனபாலன் விசுக்கென்று ஏறிப் போய்விட்டார். நான் பாதியில் நின்றுவிட்டேன்.

"மெதுவாப் போங்க ஓய்!" என்று கத்தினேன். "என்ன அவசரம் ஒங்களுக்கு?"

அவர் நின்றார். திரும்பி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். பதினெட்டாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.